பி.ஆர்.வி. கத்துகிற இடத்தில் கரண்ட் எடுப்பது எப்படி

பாய்லர் ஓடுகிற எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் ஸ்டீமை மெஷின்களுக்குப் பிரித்து அனுப்புகிற பெரிய குழாயான ஹெடர் பக்கத்தில் ஒரு வால்வு கீச்சென்று கத்திக்கொண்டே இருக்கும். பாய்லரிலிருந்து 10.5 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) பிரஷரில் வருகிற ஸ்டீமை 3.5 கிலோவுக்கு இறக்கி மெஷின்களுக்கு அனுப்புகிற பி.ஆர்.வி., அதாவது பிரஷர் ரெட்யூசிங் வால்வு, அது. பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் யுடிலிட்டி (பாய்லர், கரண்ட், தண்ணீர்) பார்க்க ஆரம்பித்த காலத்தில் அந்தச் சத்தம் எனக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. எங்கள் ஃபயர்மேன் அண்ணாதான் ஒருநாள் கேட்டார்: “ஏனுங் தம்பி, நான் விறகைப் போட்டு ஏத்துறேன், அவன் அங்க நின்னு இறக்குறான். இது என்ன கணக்குங்க?”

சரியான கேள்வி. ஏற்றிய பிரஷரைச் சும்மா இறக்குவதற்குப் பதிலாக, அந்த இறக்கத்தில் ஒரு சின்ன டர்பைனைச் சுற்றவிட்டால் கரண்ட் கிடைக்கும், டர்பைனை விட்டு வெளியே வருகிற 3.5 கிலோ ஸ்டீம் வழக்கம்போல சாஃப்ட் ஃப்ளோ சாயமெஷினுக்கும் டிரையருக்கும் போய்விடும். பேக் பிரஷர் டர்பைன் என்பது இவ்வளவுதான். புகளூரில் காகித ஆலையும் சத்தியமங்கலம், ஆப்பக்கூடல் பக்கத்துச் சர்க்கரை ஆலைகளும் பெரிய அளவில் செய்வதன் தத்துவம் இதுதான்: ஒரே விறகில், ஒரே சக்கையில், கரண்டும் சூடும். அதை 50, 100 கிலோவாட் அளவில் நம்மைப் போன்ற பட்டறைகளில் எப்படிச் செய்வது, எங்கே கை சுடும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் மண்டையில் ஏற வேண்டும், ஏறாவிட்டால் மேலே படித்தும் புண்ணியமில்லை. இங்கே முதலாளி ஸ்டீம்தான், கரண்ட் அதற்குப் பின்னால் வருவது. மெஷினுக்கு எவ்வளவு ஸ்டீம் தேவையோ அவ்வளவுதான் டர்பைன் வழியாகப் போகும், அதற்குரிய கரண்ட்தான் கிடைக்கும். கரண்ட் அதிகம் வேண்டுமென்று மெஷினுக்குத் தேவையில்லாத ஸ்டீமை டர்பைனில் விட்டு மிச்சத்தை வானத்தில் விட்டால், அந்த ஒரு யூனிட்டுக்கு எரிகிற விறகு மின்வாரியத்திடம் வாங்குவதைவிடப் பல மடங்கு செலவு வைக்கும். அதனால் “எங்களுக்கு 150 கிலோவாட் லோடு இருக்கிறது, அதற்கு டர்பைன் கொடுங்கள்” என்று யாரிடமும் போய் நிற்காதீர்கள். “எங்களுக்கு மணிக்கு இத்தனை டன் ஸ்டீம், இந்தப் பிரஷரில் இருந்து இந்தப் பிரஷருக்கு, வருடத்தில் இத்தனை மணி நேரம்” என்று போங்கள்.

அந்த “இத்தனை டன்” என்ன என்பதுதான் பெரும்பாலான பட்டறைகளில் யாருக்கும் தெரியாது. பாய்லர் தகட்டில் 6 டன் என்று எழுதியிருக்கும், கேட்டால் 6 டன் என்பார்கள். எங்களிடமும் அதே கதைதான். முதலில் வந்த கொட்டேஷன் 6 டன் கணக்கில் 120 கிலோவாட் டர்பைனுக்கு வந்தது, ஆளும் அட்வான்ஸ் கேட்டு உட்கார்ந்துவிட்டார். அப்போது ஒரு மாதம் டைம் கேட்டு அளந்து பார்த்தோம். சராசரி 2.8 டன். காலை பத்து மணிக்கு நாலு பேட்ச் ஒரே நேரத்தில் சூடேறும்போது 4.5 டன் வரை போகும், ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் 1.2 டன்னுக்கு விழும். 120 கிலோவாட் மெஷினை அந்த ஓட்டத்தில் வைத்திருந்தால் பாதி நாள் அரை வயிற்றுக்குக்கூட ஸ்டீம் கிடைக்காமல் ஓடியிருக்கும். இந்தச் சின்ன டர்பைன்கள் பாதி லோடுக்குக் கீழே போனால் கொடுக்கிற கரண்ட் பாதியாக அல்ல, அதற்கும் கீழே விழும்.

அளப்பது எப்படி? ஸ்டீம் ஃப்ளோ மீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பாய்லருக்குத் தண்ணீர் போகிற ஃபீட் வாட்டர் லைனில் ஒரு வாட்டர் மீட்டர் போடுங்கள், அதற்கும் மனசில்லை என்றால் ஃபீட் டேங்க்கே போதும். புதிதாகச் சேர்க்கிற மேக்கப் தண்ணீரையும், ஸ்டீம் குளிர்ந்து தண்ணீராகித் திரும்பி வரும் கண்டன்சேட்டையும் கொஞ்ச நேரம் வேறு தொட்டிக்குத் திருப்பிவிட்டு, டேங்க்கில் ஒரு ஸ்கேலை விட்டு மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 2 மீட்டருக்கு 1.5 மீட்டர் டேங்க் என்றால் 1 சென்டிமீட்டர் இறங்கினால் 30 லிட்டர். கால் மணி நேரத்தில் 25 சென்டிமீட்டர் இறங்கினால் 750 லிட்டர், அதாவது மணிக்கு 3 டன். அளக்கத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் பாய்லர் கேஜ் கிளாஸில் மட்டம் ஒன்றாக இருக்க வேண்டும், அந்த நேரத்தில் ப்ளோடவுன் (உப்பு சேர்ந்த பாய்லர் தண்ணீரை வெளியே விடுவது) செய்யக்கூடாது. இதைப் பகல், இரவு, ஞாயிற்றுக்கிழமை, ஆர்டர் குறைவான வாரம் என்று பல நேரங்களில் செய்து ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து அந்த எண்களைப் பெரியதிலிருந்து சின்னதாக அடுக்கிப் பாருங்கள். முக்கால்வாசி நேரம் குறையாமல் ஓடுகிற அளவு எதுவோ அதைச் சுற்றித்தான் டர்பைன் வாங்க வேண்டும். உச்சத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. உச்ச நேரத்தில் கூடுதலாகத் தேவைப்படும் ஸ்டீமைப் பழைய பி.ஆர்.வி. கொடுத்துவிட்டுப் போகட்டும்.

அளப்பதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. ஸ்டீமை விடாமல் தண்ணீரை மட்டும் வெளியே விடுகிற ட்ராப் எல்லாவற்றையும் பாருங்கள். பழுதான ட்ராப், ஒழுகுகிற ஃப்ளேஞ்ச், உறை கிழிந்த பைப், சாக்கடையில் விடுகிற கண்டன்சேட், இதையெல்லாம் சரிசெய்தாலே ஸ்டீம் தேவை கண்ணுக்குத் தெரிகிற அளவு குறையும். டர்பைன் வாங்கிவிட்டு அப்புறம் இதைச் சரிசெய்தால் என்ன ஆகும்? வீணாகிற ஸ்டீமையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வாங்கிய டர்பைனுக்குத் தீனி பற்றாது. முதலில் ஓட்டையை அடைத்துவிட்டு அப்புறம் அளக்க வேண்டும், இந்த வரிசை மாறக் கூடாது.

சரி, எவ்வளவு கரண்ட் கிடைக்கும்? 10.5 கிலோவிலிருந்து 3.5 கிலோவுக்கு இறங்கும்போது, ஒரு கிலோ ஸ்டீமிலிருந்து கொள்கையளவில் சுமார் 165 கிலோஜூல் வேலை எடுக்கலாம். ஒற்றைச் சக்கரம் வைத்த சின்ன டர்பைன் அதில் ஏறத்தாழ பாதியைத்தான் பிடிக்கும், ஜெனரேட்டரும் கொஞ்சம் தின்னும். ஆக, ஒரு டன் ஸ்டீமுக்குச் சுமார் 20 யூனிட் என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 3 டன் ஓடினால் 60 கிலோவாட்.

இது போதாதே என்று பாய்லரை 17.5 கிலோவுக்கு மாற்றச் சொல்வார்கள். மாற்றினால் டன்னுக்கு 32, 33 யூனிட் வரும், உண்மைதான். ஆனால் புது பாய்லர் வேண்டும், புது பைப் வேண்டும். 10.5 கிலோவுக்குப் பதிவான பாய்லரை அதற்கு மேல் ஏற்றுவது சட்டப்படியும் தப்பு, உயிருக்கும் ஆபத்து. அதற்கு முன்னால் எதிர்ப்பக்கம் பாருங்கள். மெஷினுக்கு உண்மையிலேயே 3.5 கிலோ வேண்டுமா? பின்பக்கத்துப் பிரஷரை 1.5 கிலோவுக்கு இறக்க முடிந்தால், அதே பழைய 10.5 கிலோ பாய்லரிலேயே டன்னுக்கு 33, 34 யூனிட் கிடைக்கும். மேலே 7 கிலோ ஏற்றிக் கிடைப்பதைக் கீழே 2 கிலோ இறக்கியே வாங்கிவிடலாம். எனக்கு இந்தக் கணக்கை முதலில் போட்டபோது நம்பிக்கை வரவில்லை, ஸ்டீம் டேபிளை எடுத்து வைத்து மறுபடியும் போட்டேன்.

1.5 கிலோவில் யாருக்கு வேலை நடக்கும்? காட்டன் சாயத்துக்கு 60 டிகிரி, ப்ளீச்சிங்குக்கு 95 டிகிரி போதும். 1.5 கிலோ ஸ்டீமே 127 டிகிரி சூட்டில் இருக்கிறது. சூடேற எடுக்கும் நேரம் கூடும், அதற்கு ஹீட் எக்ஸ்சேஞ்சர் பரப்பு போதுமா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பாலியஸ்டர் 130 டிகிரி கேட்கும், அதற்கு இது ஆகாது, தனியாக ஒரு ஹை பிரஷர் லைன் விட்டுவிடுங்கள். நம்ம பக்கத்தில் இதற்குப் பெரிய வாய்ப்பு எவாப்பரேட்டர்தான். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் காய்ச்சி உப்பெடுக்கிற நிலைமைக்கு எல்லோரும் வந்தோம். அந்த எவாப்பரேட்டர் குறைந்த பிரஷர் ஸ்டீமில் ஓடக்கூடியது, அதுவும் சாயமெஷின் மாதிரி ஏறி இறங்காமல் இருபத்திநாலு மணி நேரமும் ஒரே சீராகக் குடிக்கும். டர்பைனுக்குப் பிடித்தமான வாடிக்கையாளர் இப்படித்தான் இருக்க வேண்டும். அந்தப் பாரம்தான் நம்மை இந்தப் பத்துப் பதினைந்து வருடமாக அழுத்துகிறது, அதிலிருந்து நாலு யூனிட் கிடைக்குமென்றால் எடுத்துக்கொள்ள வேண்டாமா?

யார் இதில் இறங்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மணிக்கு 1 டன்னுக்குக் கீழே ஸ்டீம் ஓடுகிறவர்கள், ஒரு ஷிஃப்ட் மட்டும் ஓட்டுகிறவர்கள், அறுவடைக்காலத்தில் மட்டும் முழுசாக ஓடுகிற காங்கேயம் பக்கத்துச் சின்ன நெல் அவியல் ஆலைகள், பாய்லரையே 5 கிலோவில் ஓட்டிப் பழகியவர்கள். இவர்களுக்குப் போட்ட பணம் திரும்ப நாளாகும். ட்ராப்பும் கண்டன்சேட்டும் சரிசெய்தாலே இவர்களுக்கு அதைவிட நல்ல லாபம்.

இந்தக் கரண்ட் இலவசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டர்பைன் ஸ்டீமிலிருந்து கொஞ்சம் சூட்டை எடுத்துக்கொண்டுதான் கரண்ட் கொடுக்கிறது, வெளியே வருகிற ஸ்டீமில் லேசாக ஈரம் இருக்கும். மெஷினுக்கு அதே சூடு போய்ச்சேர 4 விழுக்காடு அளவுக்கு ஸ்டீம் கூடுதலாகப் போட வேண்டிவரும். பாய்லர் எஃபிஷியன்சி 75 விழுக்காடு என்று வைத்தால் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 1,240 கிலோ கலோரி, அதாவது சுமாரான விறகில் 400 கிராம். விறகு கிலோ 5 ரூபாய் என்று வைத்தால் யூனிட் 2 ரூபாய். அனல்மின் நிலையம் ஒரு யூனிட்டுக்கு இதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு எரிக்கிறது, ஏனென்றால் அங்கே மிச்சச் சூடு கூலிங் டவரில் போகிறது, நம்மிடம் அது துணிக்குப் போகிறது. உங்கள் ஹெச்.டி. (உயர் அழுத்த மின் இணைப்பு) பில்லை எடுத்து யூனிட் விலை என்ன, காலை மாலை உச்ச நேரக் கூடுதல் என்ன என்று பாருங்கள். அதில் விறகுச் செலவைக் கழித்து, வருடத்தில் ஓடுகிற மணி நேரத்தால் பெருக்குங்கள். 60 கிலோவாட், 6,000 மணி நேரம் என்றால் 3,60,000 யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய் மிஞ்சுமானால் வருடம் 21 லட்சத்துக்கு மேல். பராமரிப்பையும் வட்டியையும் கழித்துக்கொள்ளுங்கள். கொட்டேஷனில் போட்டிருக்கும் மணி நேரத்தை அப்படியே எடுக்காதீர்கள், 8,000 என்று போட்டிருப்பார்கள், உங்கள் நோட்டில் இருப்பதைப் போடுங்கள்.

பொருத்துவதில் முக்கியமான நாலைந்து விஷயம். பி.ஆர்.வி.யைக் கழற்றாதீர்கள், டர்பைன் அதற்கு இணையாகத்தான் உட்கார வேண்டும். டர்பைனுக்குள் போகிற ஸ்டீமைக் கட்டுப்படுத்தும் கவர்னரைப் பின்பக்கத்துப் பிரஷர் 3.5 கிலோவில் நிற்கிற மாதிரி வையுங்கள், பி.ஆர்.வி.யை 3.2-இல் வையுங்கள். தேவை கூடி ஹெடர் பிரஷர் விழுந்தால்தான் பி.ஆர்.வி. திறக்கும், மற்ற நேரம் மூடியே இருக்கும். இரண்டையும் ஒரே எண்ணில் வைத்தால் இரண்டும் ஒன்றோடொன்று இழுபறி போட்டுக்கொண்டே இருக்கும், ஸ்டீம் பாதி வால்வு வழியாகவே போய்விடும், கரண்ட் ஏன் குறைகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். லோ பிரஷர் ஹெடரில் இருக்கிற சேஃப்டி வால்வு முழு ஓட்டத்தையும் வெளியேற்றுகிற அளவு பெரியதா என்று பாருங்கள்.

டர்பைனுக்கு முன்னால் ஸ்டீம் செப்பரேட்டர், ட்ராப், ஸ்ட்ரெய்னர் மூன்றும் கட்டாயம். தண்ணீர்த் துளி அந்த வேகத்தில் பிளேடில் அடித்தால் உளி மாதிரி. அப்புறம் பைப். 10 மீட்டர் இரும்புக் குழாய் குளிர்ந்த நிலையிலிருந்து 184 டிகிரிக்குப் போகும்போது 18 மில்லிமீட்டர் நீளும். அந்த நீட்டத்துக்கு லூப் போடாமல் நேராக டர்பைன் ஃப்ளேஞ்சில் கொண்டுபோய் முடுக்கினால் மெஷினையே தள்ளி அலைன்மென்ட்டைக் கெடுக்கும், பேரிங் போகும். குழாய்க்கான தாங்கிகள் குழாயைத் தாங்க வேண்டும், டர்பைன் தாங்கக் கூடாது.

ஜெனரேட்டரில் இண்டக்‌ஷன், சிங்க்ரனஸ் என்று இரண்டு வகை. 100 கிலோவாட்டுக்குக் கீழே இண்டக்‌ஷன் எளிது, விலையும் குறைவு, மோட்டார் ரீவைண்டிங் தெரிந்த கோயமுத்தூர்க்காரர் யார் வேண்டுமானாலும் பார்த்துவிடுவார். ஆனால் அது லைன் கரண்ட்டைப் பிடித்துக்கொண்டுதான் ஓடும், மின்வெட்டு வந்தால் இதுவும் நின்றுவிடும். 2012 மின்வெட்டை மறக்காதவர்கள் சிங்க்ரனஸ்தான் வேண்டும் என்பார்கள், அது தனியாகவும் ஓடும், ஆனால் அதற்கான பேனலும் ரிலேயும் செலவு கூட. இண்டக்‌ஷனில் இன்னொரு வலை இருக்கிறது. அது கிலோவாட் கொடுக்கும், ஆனால் தன் காந்தப்புலத்துக்குத் தேவையான ரியாக்டிவ் பவரை லைனிலிருந்து இழுக்கும். மின்வாரிய மீட்டர் பார்வையில் நீங்கள் வாங்கும் கிலோவாட் குறைகிறது, ரியாக்டிவ் கூடுகிறது, அதனால் பவர் ஃபேக்டர் விழும். டிமாண்ட் கட்டணம் இரண்டையும் சேர்த்த கேவிஏ கணக்கு என்பதால், கெபாசிட்டர் பேனலை மறுபடி கணக்குப் போடாமல் விட்டால் யூனிட்டில் மிச்சம் பிடித்ததை அங்கே கொடுப்பீர்கள். கெபாசிட்டரை ஜெனரேட்டர் டெர்மினலில் அளவுக்கு மீறிப் போடவும் கூடாது, லைன் போன நொடியில் அது தானாகவே வோல்டேஜ் ஏற்றிக்கொள்ளும். வேகம் மீறினால் நிறுத்துகிற ஓவர்ஸ்பீட் டிரிப், கரண்ட் எதிர்த்திசையில் பாய்ந்தால் துண்டிக்கிற ரிவர்ஸ் பவர் ரிலே இரண்டிலும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

அனுமதி விஷயத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். ஸ்டீம் லைனில் கை வைப்பதற்கு முன் பாய்லர் இயக்ககத்தில் டிராயிங் ஒப்புதல் வாங்க வேண்டும், ஐ.பி.ஆர். (இந்திய பாய்லர் விதிகள்) சான்றுள்ள பைப், வால்வு, வெல்டர் வேண்டும். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-இல் புதிய பாய்லர் சட்டம் வந்திருப்பதால் பழைய ஃபைலை அப்படியே நகலெடுக்காமல் கேட்டுச் செய்யுங்கள். லைனோடு சேர்த்து ஓட்ட மின்வாரிய அனுமதி, மின் ஆய்வாளர் ஒப்புதல் இரண்டும் தனித்தனி. ஆர்டர் போடும் முன்பே இந்த மூன்று இடத்துக்கும் ஒரு நடை போய்விட்டு வந்தால், மெஷின் தார்ப்பாய்க்கு அடியில் ஆறு மாதம் தூங்காது.

ஓட்ட ஆரம்பித்த பிறகு எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், இதில்தான் நான் நிறைய கற்றுக்கொண்டேன். நாலாவது மாதம், அதே ஸ்டீம், அதே பிரஷர், ஆனால் 60 கிலோவாட் கொடுத்துக்கொண்டிருந்தது மெல்ல மெல்ல மூன்று வாரத்தில் 45-க்கு வந்துவிட்டது. கவர்னரைப் பார்த்தோம், ஸ்ட்ரெய்னரைக் கழுவினோம், ஒன்றுமில்லை. திறந்து பார்த்தால், ஸ்டீமைப் பிளேடில் பாய்ச்சுகிற நாசில் வாயிலும் பிளேடுகளிலும் வெள்ளையாக, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்கிற உப்பு. கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு, லாரித் தண்ணீர் விலை ஏறிவிட்டது, அதனால் ப்ளோடவுனைக் குறைத்துத் தண்ணீரை மிச்சம் பிடித்திருக்கிறோம். இரவு ஷிஃப்ட்டில் முழுவதுமாகவே நிறுத்தியிருக்கிறார்கள். பாய்லர் தண்ணீரில் கரைந்த உப்பின் அளவான டிடிஎஸ் 5,000 பிபிஎம்மைத் தாண்டி, நுரைத்து, ஸ்டீமோடு சேர்ந்து வந்திருக்கிறது. சாயமெஷினின் காயிலுக்கு அது தெரியாது, டர்பைன் சொல்லிவிட்டது. இந்த மாதிரி பாய்லருக்கு 3,500 பிபிஎம் என்பது மேல் வரம்பு, டர்பைன் இருந்தால் அதற்கும் நன்றாகக் கீழே வைத்திருங்கள். ஷிஃப்ட்டுக்கு ஒருமுறை டிடிஎஸ் மீட்டரில் பார்த்து எழுதுவது ஃபயர்மேன் வேலையில் சேர வேண்டும்.

பேட்ச் ஓட்டுகிற பட்டறையில் இன்னொன்று: நாலு மெஷினுக்கும் ஒரே நேரத்தில் வால்வைத் திறக்காதீர்கள். திடீரென்று இழுத்தால் பாய்லர் பிரஷர் விழுந்து தண்ணீரையும் தூக்கிக்கொண்டு வரும். மெஷின் ஆபரேட்டர்களிடம் பேசி, ஒன்று சூடேறி முடியும்போது அடுத்ததைத் தொடங்குகிற மாதிரி பத்துப் பதினைந்து நிமிடம் தள்ளித் தள்ளி வைத்தோம். ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள், அப்புறம் சூடேறும் நேரமே குறைந்ததைப் பார்த்து அவர்களே பழகிவிட்டார்கள். நம் டர்பைனில் நாசிலுக்குக் கை வால்வு இருந்தால், ஆர்டர் குறைவான வாரங்களில் ஒன்றை மூடிவிடுங்கள், குறைந்த ஓட்டத்திலும் கரண்ட் அவ்வளவாக விழாது. கொட்டேஷன் வாங்கும்போதே அது இருக்கிறதா என்று கேளுங்கள், 60 விழுக்காடு ஓட்டத்தில் எத்தனை கிலோவாட் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்யும்போது அவசரமே கூடாது. முதலில் எல்லா டிரெயினையும் திறந்து, வெளியே வருகிற தண்ணீர் நின்று, சுத்தமான ஸ்டீம் வருகிறவரை காத்திருங்கள். பின்பக்கத்து வால்வு திறந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் முன்பக்கத்தைக் கொஞ்சமாகத் திறந்து மெதுவாகச் சுற்றவிட்டுச் சூடேற்றுங்கள். டிரிப் வால்வை வாரம் ஒருமுறை அசைத்துப் பாருங்கள், அசைக்காமல் விட்டால் உப்புப் பிடித்து இறுகிவிடும், வேண்டிய நேரத்தில் மூடாது. எங்கள் லாக் புத்தகத்தில் ஏழு கட்டம்தான்: மணி, முன் பிரஷர், பின் பிரஷர், கிலோவாட், ஆயில் சூடு, டிடிஎஸ், பி.ஆர்.வி. திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா. அந்தக் கடைசிக் கட்டத்தை எழுத ஃபயர்மேன் அண்ணா வால்வை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. சத்தம் வரவில்லை என்றால் மூடி என்று எழுதிவிடுவார்.